1 கோடியே 18 லட்சம் டன்: ஒரு பழைய கனிமக் கணக்கை வாசிப்பது எப்படி

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், யெல்லோநைஃப் நகரத்துக்கு மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், மெக்கென்சி மலைகளுக்குள் பிரேரி கிரீக் என்றொரு ஓடை ஓடுகிறது. அதன் கரையில் ஒரு சுரங்கம் நிற்கிறது. தாது அரைக்கும் ஆலை, தொழிலாளர் குடியிருப்பு, எரிபொருள் தொட்டிகள், மலையைக் குடைந்து போட்ட பாதைகள் என எல்லாமே 1982இல் ஏறக்குறையத் தயாராகிவிட்டன. ஆனால் அந்த ஆலை ஒரு டன் தாதுவைக்கூட அரைக்காமல் மூடப்பட்டது.

இந்த இடத்தைப் பற்றி யார் பேசினாலும் ஒரு எண் கூடவே வரும். 1 கோடியே 18 லட்சம் டன் தாது; அதில் 12.5% துத்தநாகம், 10.1% ஈயம், டன்னுக்கு 161 கிராம் வெள்ளி, கொஞ்சம் செம்பு. எம்ஆர்டிஐ என்ற ஆலோசனை நிறுவனம் 1998 ஜனவரியில் போட்ட கணக்கு இது. துத்தநாகமும் ஈயமும் சேர்ந்து பத்து சதவீதம் இருந்தாலே சுரங்கக்காரர்கள் நல்ல படிவு என்பார்கள். இங்கே இரண்டும் சேர்ந்து 22 சதவீதத்தைத் தாண்டுகின்றன. எண்ணைப் பார்த்ததும் ஆசை வருவதில் வியப்பில்லை.

இப்படிப்பட்ட பழைய எண்களைக் கனடாவின் பங்குச் சந்தை விதிகள் ‘வரலாற்று மதிப்பீடு’ என்று தனியாக வகைப்படுத்தி, அவற்றை வெளியிடத் தனி நிபந்தனைகளும் வைத்திருக்கின்றன. துத்தநாகம், வெள்ளிப் படிவுகளைக் கையில் வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களின் செய்திக்குறிப்புகளில் இவை அடிக்கடி தலைகாட்டும். வாசிப்பவர்களில் ஒரு சாரார் அந்த எண்ணை இன்றைய உலோக விலையால் பெருக்கிப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். இன்னொரு சாரார் பழங்கணக்கு என்று புரட்டிவிட்டுப் போகிறார்கள். இருவருமே இழப்பாளிகள் என்பது என் கருத்து. ஒவ்வொரு பழைய மதிப்பீடும் அந்தக் காலத்து விலை, அதுவரை போட்ட துளைகள், அன்றைய கணக்கு வழக்கம் ஆகியவற்றின் மேல் எழுப்பப்பட்டது. அவற்றைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த எண் ஏராளமாகச் சொல்லும். பிரேரி கிரீக்கில் இதை எண்ணுக்கு எண் வைத்துப் பார்க்க முடிகிறது என்பதால்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி 50 டாலருக்குப் போன நாட்கள்

1928இல் ஓடைக்கரையில் கனிம நரம்பு ஒன்று, அதாவது பாறைப் பிளவில் கனிமம் படிந்த பட்டை, வெளியே தெரிவதை உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் கண்டார். சாலையே இல்லாத மலைநாட்டில் அது பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1960களில் கடிலாக் எக்ஸ்புளோரேஷன்ஸ் என்ற நிறுவனம் உள்ளே வந்தது. துளையிட்டார்கள், மலைக்குள் பாதைகள் வெட்டினார்கள். ஆனாலும் இவ்வளவு தொலைவில் ஒரு சுரங்கம் கட்டுவதற்கு உலோக விலை இடம்கொடுக்கவில்லை.

1980 ஜனவரியில் நிலைமை தலைகீழானது. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த நெல்சன் பங்க்கர் ஹன்ட்டும் அவர் தம்பி வில்லியம் ஹெர்பர்ட் ஹன்ட்டும் உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். விலை அவுன்ஸுக்கு 50 டாலர் வரை ஏறியது. பிரேரி கிரீக் சுரங்கத்தைக் கட்ட வந்த பணமும் இதே ஹன்ட் சகோதரர்களுடையது. ஆனால் 1980 மார்ச் 27, வியாழக்கிழமை, வெள்ளி ஒரே நாளில் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. அதன் பிறகும் கட்டுமானம் நிற்கவில்லை. உறைந்த நிலத்தின் மேல் ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்குக் குளிர்காலச் சாலை போட்டு எந்திரங்களை ஏற்றி வந்தார்கள். நாளொன்றுக்கு 1,000 டன் அரைக்கக்கூடிய ஆலை எழுந்தது. 1982 நடுவில் வெள்ளி 5 டாலர் அளவுக்கு வந்தபோது வேலை நின்றுபோனது. அடுத்த ஆண்டே கடிலாக் திவாலானது.

இத்தனைக்கும் மலைக்குள் இருந்த வெள்ளி ஒரு கிராம்கூடக் குறையவில்லை. குறைந்தது, அதைத் தாது என்று அழைப்பதற்கான தகுதி. எந்த மதிப்பீட்டிலும் ஒரு எல்லைத் தரம் இருக்கும். அந்தத் தரத்துக்கு மேல் உலோகம் உள்ள பாறை தாது என்று கணக்கில் சேரும். அதற்குக் கீழே இருந்தால் வெறும் கல். அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை விற்பனை விலையும், வெட்டி எடுத்து அரைத்து உருக்காலைக்கு அனுப்பும் செலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. விலை ஏறினால் கோடு இறங்கும், டன் பெருகும், சராசரித் தரம் குறையும். விலை இறங்கினால் எல்லாம் எதிர்ப்பக்கம் நகரும். ஆகவே எல்லைத் தரத்தைச் சொல்லாத ஒரு டன் கணக்கில் பாதி விஷயம் இல்லை. 1970களின் பல அறிக்கைகளில் இதைத் தேடினாலும் கிடைக்காது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அன்றைய விலை தெரியும் என்பதால் யாரும் குறித்து வைக்கவில்லை.

துளையிலிருந்து டன் வரை

மதிப்பீடு உருவாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பழைய எண்களின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

வைரமுனை பொருத்திய குழாயால் பாறையைத் துளைத்து, உருளை வடிவப் பாறைத் துண்டை வெளியே எடுப்பார்கள். அதற்குக் ‘கோர்’ என்று பெயர். அதை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பார்கள். ஆய்வகம் இத்தனை சதவீதம் துத்தநாகம், டன்னுக்கு இத்தனை கிராம் வெள்ளி என்று சொல்லும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம்; பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருப்பதால் அது செல்லும். கனிம நரம்பு அப்படி வேகுவதில்லை. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே நரம்பு மெலியலாம், பிளவில் நழுவி வேறிடம் போகலாம், அடியோடு அற்றும் போகலாம்.

கணினி பரவுவதற்கு முன்பு இந்த வேலை தாளில் நடந்தது. செங்குத்தாக நிற்கும் நரம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் பெரிய தாளில் வரைவார்கள். ஒவ்வொரு துளையும் நரம்பைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும், பக்கத்துப் புள்ளிக்குப் பாதித் தூரம் வரை, ஒரு பலகோணம். பலகோணத்தின் பரப்பு, நரம்பின் தடிமன், பாறையின் அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் டன் கிடைக்கும். அந்தத் துளையில் கிடைத்த தரமே பலகோணம் முழுவதற்கும் தரம்.

கற்பனையாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். துளைகள் 60 மீட்டர் இடைவெளியில், நரம்பு 2.5 மீட்டர் தடிமனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பலகோணம் 3,600 சதுர மீட்டர். கன அளவு 9,000 கன மீட்டர். அடர்த்தி 3.2 என்றால் 28,800 டன். 2.8 என்றால் 25,200 டன். எட்டில் ஒரு பங்கு மாறிவிட்டது, அதுவும் யாரும் அளக்காமல் ‘இவ்வளவு இருக்கும்’ என்று எழுதி வைக்கக்கூடிய ஒரு எண்ணால். துத்தநாகமும் ஈயமும் செறிந்த கந்தகத் தாது சாதாரணப் பாறையைவிடக் கனமானது. தரம் ஏற ஏற அடர்த்தியும் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே அடர்த்தி போட்ட பழைய கணக்குகள் ஏராளம்.

வெள்ளி இன்னும் சிக்கலானது. துத்தநாகம் ஓரளவு சீராகப் பரவியிருக்கும் நரம்பிலும் வெள்ளி திட்டுத் திட்டாக இருக்கும். பத்து மாதிரிகளில் ஒன்பதில் டன்னுக்கு 100 கிராம், ஒன்றில் மட்டும் 1,900 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 280 கிராம். அந்த ஒற்றை மாதிரியை 500 கிராமுக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை என்று உச்சவரம்பு வைத்தால் சராசரி 140 ஆக இறங்கும். பாதி வெள்ளி ஒரே ஒரு மாதிரியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! இன்று எந்த மதிப்பீட்டிலும் உச்சவரம்பு வைத்தார்களா, எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதியாக வேண்டும். பழைய கணக்கில் வெள்ளியின் தரம் மட்டும் எடுப்பாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அலகுகளும் காலை வாரும். வட அமெரிக்காவின் பழைய அறிக்கைகளில் வரும் டன் 907 கிலோ எடையுள்ளது, இன்றைய மெட்ரிக் டன் 1,000 கிலோ. வெள்ளியை டன்னுக்கு இத்தனை அவுன்ஸ் என்று எழுதுவார்கள். டன்னுக்கு 1 அவுன்ஸ் என்றால் மெட்ரிக் கணக்கில் 34.3 கிராம். 10 லட்சம் பழைய டன் என்பது 9.07 லட்சம் மெட்ரிக் டன்தான். நகலெடுக்கும்போது யாரோ ஒருவர் அலகை மாற்ற மறந்தால் பத்து சதவீதத் தாது எங்கிருந்தோ முளைத்துவிடும்.

இன்னொன்று, நரம்பின் அகலம். ஒரு மீட்டர் அகல நரம்பில் 20% துத்தநாகம் இருக்கலாம். ஆனால் ஆளும் எந்திரமும் உள்ளே போக இரண்டு மீட்டர் அகலமாவது வெட்ட வேண்டுமானால், கூடவே வரும் வெறும் பாறை சேர்ந்து ஆலைக்குப் போகும் தரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பழைய அறிக்கை நரம்பின் தரத்தைச் சொல்கிறதா, வெட்டி வெளியே வரும் தாதுவின் தரத்தைச் சொல்கிறதா என்று பார்க்காமல் இரண்டு படிவுகளை ஒப்பிடவே கூடாது.

பிரி-எக்ஸ் வந்த பிறகு வந்த சட்டம்

கால்கரி நகரின் பிரி-எக்ஸ் நிறுவனம், இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் 7 கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம் இருப்பதாகச் சொன்னது. அதன் பங்குகளின் மொத்த மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. 1997 மே மாதத்தில் ஸ்ட்ராத்கோனா என்ற தனி ஆலோசனை நிறுவனம் தானே துளையிட்டுப் பார்த்து, அங்கே வெட்டி எடுக்கும் அளவுக்குத் தங்கமே இல்லை என்று அறிவித்தது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகள் கலக்கப்பட்டிருந்தது. கோரைப் பாதியாக அறுத்து ஒரு பாதியை வைத்திருக்க வேண்டிய இடத்தில், முழுவதையும் பொடியாக்கி அனுப்பியிருந்தார்கள்; திரும்பச் சோதிக்க எதுவும் மிச்சமில்லை. ஓய்வூதிய நிதிகளும் சாதாரணக் குடும்பங்களும் இழந்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 2001 பிப்ரவரி 1 முதல் கனடாவில் அமலுக்கு வந்த ‘என்ஐ 43-101’ என்ற விதித்தொகுப்பு. ஒரு நிறுவனம் தன் படிவின் அளவைப் பொதுவெளியில் சொல்ல வேண்டுமானால், தகுதியும் பொறுப்பும் உள்ள நிபுணர் ஒருவர் அதற்குக் கையெழுத்திட வேண்டும். கனிம வளம் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட வேண்டும்: துளைகள் நெருங்கியிருந்து உறுதியாகத் தெரிந்த ‘அளந்த வளம்’, ஓரளவு உறுதியான ‘சுட்டிய வளம்’, சில துளைகளை வைத்து இருக்கலாம் என்று கருதும் ‘ஊகித்த வளம்’. ‘இருப்பு’ என்ற சொல்லை, லாபத்தோடு வெட்ட முடியும் என்று பொறியியல் ஆய்வு காட்டிய பகுதிக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

அதற்கு முன்பிருந்த ஆயிரக்கணக்கான மதிப்பீடுகளை என்ன செய்வது? முழுவதும் தடை செய்தால் உண்மையான தகவலும் சேர்ந்து மறைந்துபோகும். ஆகவே விதி ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பழைய மதிப்பீட்டை அதன் பழைய சொற்களிலேயே சொல்லலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி என்று குறிப்பிட வேண்டும். எவ்வளவு நம்பத்தக்கது என்று கருத்துச் சொல்ல வேண்டும். தெரிந்தவரை அதன் அனுமானங்களையும் முறையையும் தர வேண்டும். அதற்குப் பிந்திய மதிப்பீடு இருந்தால் மறைக்கக் கூடாது. அதைச் சரிபார்க்க என்ன வேலை தேவை என்று சொல்ல வேண்டும். இவற்றோடு, இதை நடப்பு வளமாக வகைப்படுத்த நிபுணர் போதிய வேலை செய்யவில்லை, நிறுவனமும் இதை நடப்பு வளமாகக் கருதவில்லை என்ற அறிவிப்பை அந்த எண்ணுக்குச் சமமான முக்கியத்துவத்தோடு வெளியிட வேண்டும். தலைப்பில் எண்ணைப் போட்டுவிட்டு ஆறாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் எச்சரிக்கையை ஒளிக்க இந்த விதி இடம்கொடுப்பதில்லை. இந்த வகை எண்ணை வைத்து லாப நட்டக் கணக்கு போட்டு வெளியிடவும் முடியாது.

எது வரலாற்று மதிப்பீடு என்ற வரையறையே நடுவில் ஒருமுறை மாறியது. முதலில் 2001 பிப்ரவரிக்கு முன் போட்ட கணக்கு என்று இருந்தது. 2011 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிறுவனம் நிலத்தின் உரிமையைப் பெறுவதற்கு முன் பிறர் போட்ட, தான் சரிபார்க்காத கணக்கு என்று ஆனது. ஆகவே நேற்று வேறொரு நிறுவனம் நல்ல மென்பொருளில் போட்ட மதிப்பீடும், இன்று நிலம் கைமாறினால் புதிய உரிமையாளருக்கு வரலாற்று மதிப்பீடுதான். காலத்தின் பழமையைவிட, கையெழுத்திட்டு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதே முக்கியம் என்று விதி முடிவு செய்தது. இந்தத் திருத்தம் மிகச் சரியானது என்பேன்.

மொத்தம் மாறவில்லை, உள்ளே மாறியது

மறுபடி பிரேரி கிரீக்குக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் சான் ஆண்ட்ரியாஸ் ரிசோர்சஸ் என்ற நிறுவனம் இந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 1992இல் ஆழத்தில் போட்ட துளைகளில், நரம்புக்குக் கீழே, பாறை அடுக்கோடு அடுக்காகப் படிந்த வேறொரு வகைக் கந்தகத் தாதுவும் கிடைத்தது. இவற்றையெல்லாம் சேர்த்து 1998இல் வந்ததுதான் எம்ஆர்டிஐ கணக்கு. அடுத்த ஆண்டு நிறுவனம் கனேடியன் சிங்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2001இல் புதிய விதி வந்ததும் இந்த எண் வரலாற்று மதிப்பீட்டு வரிசைக்குப் போனது.

அந்த 1 கோடியே 18 லட்சம் டன்னைப் பிரித்துப் பார்த்தால் கதை தெரிகிறது. அதில் அளந்த, சுட்டிய வளம் இரண்டும் சேர்ந்து 35.7 லட்சம் டன், துத்தநாகம் 11.8%, ஈயம் 9.7%, வெள்ளி டன்னுக்கு 141.5 கிராம். மீதி 82.8 லட்சம் டன் ஊகித்த வளம், துத்தநாகம் 12.8%, ஈயம் 10.2%, வெள்ளி 169.2 கிராம். அதாவது ஊர் முழுக்கச் சுற்றிய எண்ணில் பத்தில் ஏழு பங்கு ஊகம். போதாக்குறைக்கு, ஊகித்த பகுதியின் தரம் உறுதியான பகுதியைவிட உயர்வு. குறைவான துளைகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு நல்ல துளையும் பெரிய பரப்பை ஆளும் என்பதை மேலே பலகோணத்தில் பார்த்தோம். அதனால் இந்த மாதிரி வேறுபாட்டைக் கண்டால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்றைய விதிப்படி ஊகித்த வளத்தை மற்ற இரண்டோடு கூட்டி ஒரே எண்ணாக நிறுவனம் வெளியிடவே முடியாது.

2006, 2007இல் நிறுவனம் மலைக்குள் புதிய சரிவுப் பாதை வெட்டியது. மலை உச்சியிலிருந்து ஆழமான நரம்பைத் தொட மிக நீளமான துளைகள் தேவை. அவை வழியில் வளைந்தும் போகும். உள்ளேயிருந்து போடும்போது துளை குட்டையாகிறது, ஒரே செலவில் நெருக்கமாகப் பல துளைகள் போட முடிகிறது. அந்தத் துளைகளின் அடிப்படையில் 2007இல் மைன்ஃபில் என்ற ஆலோசனை நிறுவனம் புதிய விதிகளின்படி மதிப்பிட்டது. அளந்த, சுட்டிய வளம் 58.4 லட்சம் டன்; துத்தநாகம் 10.71%, ஈயம் 9.9%, வெள்ளி 161 கிராம். ஊகித்த வளம் 55.4 லட்சம் டன், துத்தநாகம் 13.53%, ஈயம் 11.43%, வெள்ளி 215 கிராம்.

ஒப்பிடுவதற்காக மட்டும் நானே கூட்டிப் பார்க்கிறேன்: 1 கோடியே 13.8 லட்சம் டன். 1998க்கும் இதற்கும் வித்தியாசம் நான்கு சதவீதம். ஒன்பது ஆண்டு வேலைக்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் உறுதியான பகுதி மொத்தத்தில் 30 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. உறுதியான பகுதியில் அடங்கிய துத்தநாகம் சுமார் 4.2 லட்சம் டன்னிலிருந்து 6.3 லட்சம் டன் ஆனது. வெள்ளி சுமார் 505 டன்னிலிருந்து 940 டன் ஆனது. சுரங்கத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி பார்ப்பது இந்தப் பகுதியைத்தான்.

ஆக, 1998இன் கணக்கு தவறிப்போகவில்லை. எம்ஆர்டிஐயின் புவியியலாளர்கள் நரம்பு இவ்வளவு தூரம் தொடரும் என்று கருதினார்கள். துளை போட்டபோது பெருமளவு தொடர்ந்தது. அவர்களுடைய வேலையை மதிக்க வேண்டும். ஆனால் உறுதியான பகுதியின் துத்தநாகத் தரம் 11.8இலிருந்து 10.7 ஆக இறங்கியதையும் கவனிக்க வேண்டும். ஊகித்த பாறை உறுதியான பாறையாக மாறும்போது தரம் இப்படிக் கொஞ்சம் கரைவது பல படிவுகளில் நடப்பது. 2015இல் வந்த அடுத்த மதிப்பீட்டில் அளந்த, சுட்டிய வளம் சுமார் 87 லட்சம் டன்னாக வளர்ந்தது. துத்தநாகம் 9.5 சதவீதத்துக்கும் வெள்ளி 136 கிராமுக்கும் இறங்கின. நரம்பைச் சுற்றி வலைபோலப் பரவிய, தரம் குறைந்த தாதுவும் கணக்கில் சேர்ந்திருந்தது.

டன் கணக்கில் தெரியாதவை

எத்தனை கவனமாகப் போட்ட மதிப்பீடும் சில விஷயங்களைத் தன் எண்ணுக்குள் காட்டாது. பிரேரி கிரீக்கில் மூன்று அப்படி இருக்கின்றன.

முதலாவது, தாதுவின் வேதியியல். நரம்பின் ஒரு பகுதியில் ஈயமும் துத்தநாகமும் கந்தகச் சேர்மமாக இல்லாமல், காற்றும் நீரும் பட்டு மாறிய சேர்மங்களாக இருக்கின்றன. ஆய்வகம் இரண்டையும் துத்தநாகம் என்றே எண்ணும். ஆலையோ கந்தகத் தாதுவை நுரையில் மிதக்க வைத்துப் பிரிப்பதுபோல் மற்றதை எளிதாகப் பிரிக்காது. ஒரு பங்கு கழிவோடு போய்விடும். 12.5% என்று அறிக்கை சொல்வதில் எவ்வளவு கைக்கு வரும் என்பதை உலோகப் பிரிப்புச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு வருபவை. இங்கே வெள்ளியில் பெரும்பங்கு, செம்பும் ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் கலந்த டெட்ராஹெட்ரைட்-டென்னன்டைட் வகைக் கனிமங்களுக்குள் இருக்கிறது. பாதரசமும் கூடவே வருகிறது. உருக்காலைகள் இவற்றுக்கு அபராதம் பிடிக்கும். அளவு மீறினால் வாங்கவே மறுக்கும். டன்னுக்கு 161 கிராம் வெள்ளி என்ற வரியில் இந்த அபராதம் எழுதப்பட்டிருக்காது.

மூன்றாவதாக, நிலம். சுரங்கம் இருக்கும் ஓடை தெற்கு நஹான்னி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நஹான்னி தேசியப் பூங்கா 1978இல் யுனெஸ்கோ உலக மரபிடங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. 2009இல் பூங்காவை ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டருக்கு விரிவாக்கியபோது, சுரங்கப் பகுதியைச் சுற்றி நான்கு பக்கமும் பூங்காவாகிவிட்டது. வெளியே போகும் சாலை பூங்காவுக்குள்ளும், டெனே பூர்வகுடி மக்களின் மரபு நிலத்துக்குள்ளும் ஓட வேண்டும். அவர்களுடைய சம்மதம், நீர் உரிமம், சுற்றுச்சூழல் ஆய்வு எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. மலை, தாது, தரம் எல்லாம் அதேதான். அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. 2018இல் நிறுவனம் நோர்சிங்க் என்று மீண்டும் பெயர் மாற்றியபோதும் உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை.

பழைய எண்ணை மீண்டும் உயிர்ப்பிக்க

கைவிடப்பட்ட முகாம்களில் கோர் பெட்டிகள் வைத்த அடுக்குகள் சாய்ந்து, துண்டுகள் கலந்துபோய்க் கிடப்பது வழக்கமான காட்சி. ஆய்வகச் சான்றிதழ்கள் தொலைந்திருக்கும். துளை தொடங்கிய இடத்தின் ஆயங்கள் பழைய உள்ளூர் அளவுக் கட்டத்தில் இருக்கும். இந்த நிலையில் ஒரு பழைய மதிப்பீட்டை நடப்பு வளமாக மாற்ற முனையும் புவியியலாளர் முதலில் மலையேறித் துளைவாய்களைத் தேடுகிறார், நிலையளவை செய்கிறார். மிஞ்சிய கோர்களை மறுபடி அறுத்து மறுசோதனைக்கு அனுப்புகிறார். தரம் தெரிந்த மாதிரிகளையும் உலோகமே இல்லாத மாதிரிகளையும் இடையிடையே கலந்து ஆய்வகத்தையும் சோதிக்கிறார். பழைய துளைக்கு ஒட்டினாற்போல் சில இரட்டைத் துளைகள் போட்டு, பழைய முடிவும் புதிய முடிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். ஒத்துப்போனால் பழைய துளைகள் அனைத்துக்கும் மதிப்பு கூடும். முறையாகப் பாதுகாத்த பழைய தரவு, புதிதாகப் போட வேண்டிய துளைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கும் என்பதால் நிறுவனங்கள் இதற்கு மெனக்கெடுகின்றன.

இத்தகைய ஒரு செய்திக்குறிப்பு உங்கள் கண்ணில் பட்டால், குறிப்போடு நின்றுவிடாதீர்கள். கனடாவில் பட்டியலிட்ட நிறுவனங்களின் தொழில்நுட்ப அறிக்கைகள் செடார்+ தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றின் பகுதி எண்கள் விதியாலேயே நிர்ணயிக்கப்பட்டவை. 6ஆம் பகுதியில் நிலத்தின் வரலாறும் பழைய மதிப்பீடுகளும் இருக்கும். 12ஆம் பகுதி, நிபுணர் எவற்றைத் தானே சரிபார்த்தார் என்று சொல்லும். 14ஆம் பகுதியில் நடப்பு வளம், எல்லைத் தரம், அனுமானித்த விலை, அடர்த்தி, உச்சவரம்பு எல்லாம் வரும். அந்த 14ஆம் பகுதி காலியாக இருந்து, 6ஆம் பகுதியில் மட்டும் பெரிய எண் இருந்தால், அந்த டன்களுக்கு இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை.